நெருக்கடிக்குப் பிறகும் அதே தலைவரா? மத்திய வங்கி மறுநியமனம் பற்றி ஓர் எளிய விளக்கம்

2008 மார்ச்சில் ஒரு டன் கச்சா செம்பனை எண்ணெய் 4,000 வெள்ளிக்கு மேல் விற்றது. அதே ஆண்டு அக்டோபரில் 1,500 வெள்ளிக்கும் கீழே இறங்கிவிட்டது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருந்தவர்களுக்கு மரம் அதே மரம்தான், குலையின் எடையும் அதேதான். ஆலையில் கிடைத்த காசு மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கிப்போனது. பால்மரம் சீவியவர்களுக்கும் அந்த ஆண்டின் கடைசி மாதங்கள் அப்படித்தான் கழிந்தன. விலை ஜூலையிலேயே இறங்கத் தொடங்கியிருந்தது. செப்டம்பர் 15-ஆம் தேதி நியூயார்க்கில் லீமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலான பிறகு அந்த இறக்கம் பெரும் சரிவாகிவிட்டது.

எங்கோ அமெரிக்காவில் வீட்டுக் கடன் கெட்டதற்கு இங்கே குலை விலை ஏன் விழ வேண்டும்? அந்த நேரத்தில் அமெரிக்காவின் பணத்துக்குக் காவலாக இருந்த மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னாங்கி யார்? அவருக்கு மறுபடியும் அதே பதவியைக் கொடுத்தார்களாமே, அது சரிதானா? படிவம் ஆறில் பொருளியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் பாடம் சொல்லித்தருபவன் என்ற முறையில், கடைசிக் கேள்விதான் அவர்களை அதிகம் தூண்டுகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். அது நியாயம் பற்றிய கேள்வி. எனவே அதையே எடுத்துக்கொண்டு, தேவையான அடிப்படைகளை வழியில் விளக்கிக்கொண்டு போகிறேன்.

மத்திய வங்கி செய்யும் வேலை

மத்திய வங்கியில் நீங்களும் நானும் கணக்குத் திறக்க முடியாது. அது வங்கிகளுக்கெல்லாம் வங்கி. நம் நாட்டில் அது 1959 ஜனவரியில் தொடங்கிய பேங்க் நெகாரா மலேசியா. அமெரிக்காவில் 1913-இல் சட்டமாகிய ஃபெடரல் ரிசர்வ்.

அதன் முதல் வேலை வட்டியின் திசையைத் தீர்மானிப்பது. செய்திகளில் அடிக்கடி வரும் ஓபிஆர் என்பது வங்கிகள் ஒரே இரவுக்குத் தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கும் வட்டிக்குப் பேங்க் நெகாரா வைக்கும் குறி. அது அசைந்தால் நம் வீட்டுக் கடனும் அசையும். 200,000 வெள்ளி வீட்டுக் கடனை 30 ஆண்டில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 4 விழுக்காட்டிலிருந்து 4.25 விழுக்காடானால் மாதத் தவணை சுமார் 29 வெள்ளி கூடும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் ஒரு குழுவின் முடிவு, தாமான் வீட்டுச் சமையலறைக் கணக்கில் இப்படி வந்து நிற்கிறது.

இரண்டாவது வேலை மேற்பார்வை. வங்கிகள் யாருக்கு, எந்த நிபந்தனையில், எவ்வளவு கடன் கொடுக்கின்றன, நட்டம் வந்தால் தாங்குவதற்குச் சொந்த மூலதனம் வைத்திருக்கின்றனவா என்று கண்காணிப்பது. இது சத்தமில்லாத வேலை. ஒழுங்காக நடந்தால் எந்தச் செய்தித்தாளிலும் வராது.

மூன்றாவது வேலை நெருக்கடி நாளில் கடன் கொடுப்பது. நாம் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்துவிடுகிறது. எல்லாரும் ஒரே நாளில் வந்து திருப்பிக் கேட்டால் நல்ல வங்கியிடமும் கையில் காசு இருக்காது. ஒரு வங்கி கதவை மூடினால் பக்கத்து வங்கியின் வாசலிலும் வரிசை நிற்கும். அந்தப் பயத்தை நிறுத்த, வேறு யாரும் கடன் கொடுக்காத நேரத்தில் மத்திய வங்கி கொடுக்க வேண்டும். நல்ல அடமானம் வாங்கிக்கொண்டு, சற்றுக் கூடுதல் வட்டிக்கு, தயங்காமல் கொடுக்க வேண்டும் என்பது வால்டர் பேஜட் என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்த விதி. இன்றும் எல்லா மத்திய வங்கிகளும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இந்த மூன்று வேலைகளையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே இரண்டாவது வேலையில் கோட்டைவிட்டு மூன்றாவது வேலையில் சிறந்து விளங்க முடியும். அவரை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

எதற்காகப் பதவிக்காலம்?

தேர்தல் நெருங்கும்போது வட்டியைக் குறைக்க ஆசைப்படாத அரசாங்கம் உலகில் அரிது. கடன் மலிவானால் ஓராண்டுக்கு எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். விலைவாசி ஏறுவது அதற்குப் பிறகுதான் தெரியும். அதனால்தான் வட்டியைத் தீர்மானிக்கும் பொறுப்பைத் தேர்தலில் நிற்காத ஒருவரிடம் கொடுத்து, அவரை எளிதில் நீக்க முடியாதபடி குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கிறார்கள். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டத்தின்படி ஆளுநரை மாமன்னர் ஐந்தாண்டுக்கு நியமிக்கிறார், மறுநியமனமும் செய்யலாம். அமெரிக்காவில் ஃபெடரல் ரிசர்வ் தலைவரின் காலம் நான்காண்டு. அதிபர் பெயரை முன்மொழிய வேண்டும், செனட் சபை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆக, காலம் முடியும் நாள்தான் இந்த அமைப்பில் கேள்வி கேட்பதற்கு ஒழுங்கான வழி. இடையில் நீக்கினால் அது அரசியல் தலையீடாகத் தெரியும். காலம் முடிந்து கேட்டால் அது கணக்குக் கேட்பது. மறுநியமனம் வெறும் சடங்காகிவிட்டால், தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரிடம் இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு நாம் எதுவுமே கேட்கவில்லை என்றுதான் பொருள். இது எனக்கு ஒப்பாத காரியம்.

பென் பெர்னாங்கியின் வழக்கு

பெர்னாங்கி பொருளியல் பேராசிரியர். 1930-களின் பெருமந்தத்தை ஆராய்வதில் பேர் பெற்றவர். வங்கிகள் வரிசையாக மூடியதுதான் அந்த மந்தத்தை அவ்வளவு ஆழமாக்கியது என்பது அவருடைய ஆய்வின் சாரம். 2006 பிப்ரவரியில் ஃபெடரல் ரிசர்வ் தலைவரானார். அவரை நியமித்தவர் அதிபர் ஜார்ஜ் புஷ். 2009 ஆகஸ்டில் மறுநியமனத்துக்கு முன்மொழிந்தவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த அதிபர் பராக் ஒபாமா.

குற்றச்சாட்டைக் கேட்போம். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. வருமானச் சான்று இல்லாதவர்களுக்கும் வீட்டுக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பத்திரமாக்கி உலகெங்கும் விற்றார்கள். கடன் கொடுத்தவர் பத்திரத்தை விற்றுவிட்டுப் போய்விடுவதால், வாங்கியவர் கட்டுவாரா என்று கவலைப்பட யாரும் மிஞ்சவில்லை. வீட்டுக் கடன் விதிகளைக் கடுமையாக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டமே ஃபெடரல் ரிசர்வுக்கு அதிகாரம் தந்திருந்தது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி முழுமையான விதிகளை அது இறுதி செய்தது 2008 ஜூலையில். வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு.

2007 மார்ச்சில் பெர்னாங்கி அமெரிக்கக் காங்கிரசில் சாட்சியம் சொன்னார். தகுதி குறைந்தவர்களுக்குக் கொடுத்த வீட்டுக் கடன்களின் சிக்கல், பரந்த பொருளாதாரத்துக்குப் பரவாமல் அடங்கிவிடும் போலத் தெரிகிறது என்றார். ஒன்றரை ஆண்டில் உலகமே ஆடிப்போனது. அந்தச் சாட்சியத்தை அவருடைய எதிர்ப்பாளர்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

யாராலும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது என்று அவருக்காக வாதிட்டவர்கள் உண்டு. இதை நான் முழுதாக ஏற்பதில்லை. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் என்ற இடத்தில் மத்திய வங்கியாளர்கள் கூடிய மாநாட்டில் ரகுராம் ராஜன் ஒரு கட்டுரை படித்தார். நம் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் வேண்டாத பெயர் அது. அப்போது அவர் அனைத்துலக நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர். நிதித்துறையின் புதிய வளர்ச்சிகள் உலகை மேலும் அபாயமானதாக ஆக்கியிருக்கலாம், வங்கி அதிகாரிகளுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை அவர்களைக் கண்ணுக்குத் தெரியாத அபாயங்களை எடுக்கத் தூண்டுகிறது என்று அவர் எச்சரித்தார். அங்கே கடுமையான மறுப்பைத்தான் சந்தித்தார். எச்சரிக்கை இருந்தது. கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை. இந்தப் பழி பெர்னாங்கிக்கு முன்பு 1987 முதல் பதவியில் இருந்த ஆலன் கிரீன்ஸ்பானுக்கே அதிகம் சேரும். ஆனால் பெர்னாங்கியும் 2002 முதல் 2005 வரை ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர் மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்தான். புதிதாக வந்தவர் என்ற சலுகை அவருக்குப் பாதிதான் பொருந்தும்.

இனி மறுபக்கம். நெருக்கடி முற்றியபோது அவர் செய்ததை மட்டும் பார்த்தால், அவரைவிட அதற்குத் தயாரானவர் யாரும் இருந்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது. 5.25 விழுக்காடாக இருந்த வட்டியை 2008 டிசம்பருக்குள் ஏறக்குறையப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். லீமன் விழுந்த மறுநாளே ஏஐஜி என்ற காப்புறுதி நிறுவனத்துக்கு 85 பில்லியன் டாலர் கடன் கொடுக்க ஃபெடரல் ரிசர்வ் முன்வந்தது. ஏனென்றால் உலகின் பெரிய வங்கிகள் பலவும் தங்கள் நட்டத்துக்கு அந்த நிறுவனத்திடம்தான் காப்பு வாங்கியிருந்தன. வட்டியை இனிக் குறைக்க இடமில்லை என்ற நிலை வந்ததும், வீட்டுக் கடன் பத்திரங்களையும் அரசாங்கப் பத்திரங்களையும் மத்திய வங்கியே வாங்கிச் சந்தையில் பணத்தைப் பாய்ச்சியது. வெளிநாட்டு மத்திய வங்கிகளுக்கும் டாலர் கிடைக்க வழி செய்தது. 1930-களில் வங்கிகள் வீழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மத்திய வங்கி, இம்முறை பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இதற்கும் ஒரு விலை இருந்தது. காப்பாற்றப்பட்ட ஏஐஜி நிறுவனத்தில் சிலருக்கு 2009 மார்ச்சில் சுமார் 165 மில்லியன் டாலர் ஊக்கத்தொகை கொடுத்தார்கள் என்று தெரிந்தபோது அமெரிக்க மக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. வீட்டைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அவசரக் கடன் கொடுக்க எந்த மத்திய வங்கியும் வரவில்லை. இந்தக் கோபத்தைப் பொருளியல் தெரியாதவர்களின் கோபம் என்று ஒதுக்குபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது மிகச் சரியான கேள்வியிலிருந்து பிறந்த கோபம்: அபாயத்தை எடுத்தவர்கள் தப்பினார்கள், எடுக்காதவர்கள் ஏன் கட்ட வேண்டும்?

2010 ஜனவரி 28-ஆம் தேதி, பதவிக்காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது செனட் வாக்களித்தது. ஆதரவு 70, எதிர்ப்பு 30. அதுவரை எந்த ஃபெடரல் ரிசர்வ் தலைவருக்கும் இவ்வளவு எதிர்ப்பு வாக்குகள் விழுந்ததில்லை. 1983-இல் பால் வோல்கர் மறுநியமனம் பெற்றபோதுகூட எதிர்ப்பு 16 வாக்குதான். விலைவாசியை அடக்க வட்டியை 20 விழுக்காடு வரை போகவிட்டவர் அவர். பெர்னாங்கியை வலதுசாரிகளில் சிலரும் எதிர்த்தார்கள், பெர்னி சாண்டர்ஸ் போன்ற இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். காரணங்கள் வேறு வேறு.

மீட்டதை எப்படி அளப்பது?

நடந்த கேடு எல்லார் கண்ணுக்கும் தெரியும். நடக்காமல் தடுக்கப்பட்ட கேடு யாருக்கும் தெரியாது. வேலையின்மை 10 விழுக்காடு என்பது கண்முன் இருக்கும் எண். பெர்னாங்கி வேறு மாதிரி நடந்திருந்தால் அது 1930-களைப் போல 25 விழுக்காடு வரை போயிருக்குமா என்பதை யாரும் எண்ணிக் காட்ட முடியாது. அதனால் காப்பாற்றியவர்கள் தங்கள் சாதனையைப் பெருக்கிச் சொல்லவும் முடிகிறது, எதிர்ப்பவர்கள் அதை இல்லை என்று சொல்லவும் முடிகிறது.

இன்னொன்று, கெட்டது நடந்த நாளும் அதற்கு விதை விழுந்த நாளும் ஒன்றல்ல. கடன் பெருகுவது மெதுவாக, ஆண்டுக்கணக்கில். வெடிப்பது ஒரு வாரத்தில். வெடிக்கும்போது நாற்காலியில் இருப்பவர் மேல் முழுப் பழியும் விழும். வெடிப்பதற்கு முன் ஓய்வுபெற்றவர் மாலை மரியாதையுடன் போயிருப்பார்.

இதற்கெல்லாம் நடுவில் முடிவெடுக்க ஒரு வழி வேண்டுமே. நம் தோட்டப்புறத்தில் கூட்டுறவு புதிதல்ல. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலை இழக்கும் பயத்தில் இருந்த நம் பாட்டன் பாட்டிகள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தத் தலைமுறை ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கப் பழகியது. ஒரு சங்கத்துக்குப் பெரிய நட்டம் வந்துவிட்டது, தலைவர் இரவுபகலாக ஓடி அதை மூடாமல் காப்பாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல உறுப்பினர் அவருக்குக் கைதட்டியதோடு உட்கார்ந்துவிட மாட்டார். நட்டம் வந்த வழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பார். காப்பாற்றிய நேரத்தில் யாருக்குச் சலுகை காட்டினீர்கள் என்று கேட்பார். அந்த வழியை இப்போது அடைத்துவிட்டீர்களா என்றும் கேட்பார். மூன்றாவதற்குக் கிடைக்கும் பதில்தான் அவருடைய கையை உயர்த்தவோ கீழே வைக்கவோ செய்யும்.

என் கருத்தும் அங்கேதான் நிற்கிறது. மறுநியமனம் போன காலத்துக்குக் கொடுக்கும் பரிசும் அல்ல, தண்டனையும் அல்ல. வரப்போகும் பதவிக்காலத்துக்கு யார் தகுதியானவர் என்ற தேர்வு அது. ஆனால் தன் தவறு எங்கே என்று தெளிவாகச் சொல்ல முடியாதவர் வரப்போகும் பதவிக்காலத்துக்குத் தகுதியானவராக இருக்க முடியாது. பெர்னாங்கியைப் பொறுத்தவரை, பாதி மீட்பில் ஆளை மாற்றியிருந்தால் சந்தை மறுபடி பதறியிருக்கும் என்பதும், பூச்சிய வட்டியிலிருந்தும் பத்திரக் குவியலிலிருந்தும் வெளியே வரும் வழியை அமைத்தவரே அறிந்திருந்தார் என்பதும் வலுவான காரணங்கள். நான் செனட்டராக இருந்திருந்தால் ஆதரித்தே வாக்களித்திருப்பேன். ஆனால் அந்த 30 எதிர்ப்பு வாக்குகளும் நாட்டுக்கு நன்மையே செய்தன என்று நம்புகிறேன். அந்த எதிர்ப்பு இருந்ததால்தான் அவர் மேற்பார்வைத் தோல்வியைப் பற்றிப் பொதுவில் பேச வேண்டி வந்தது. வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன், 2010 ஜனவரி தொடக்கத்தில், வீட்டு விலை வீக்கத்துக்குக் குறைந்த வட்டியைவிட மேற்பார்வைக் குறையே பெரிய காரணம் என்று அவர் உரையாற்றினார். வட்டியைப் பற்றி அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. எனக்கும் அதில் ஐயம் உண்டு. ஆனாலும் ஒரு மத்திய வங்கித் தலைவர் தம் நிறுவனத்தின் குறையைப் பேர் சொல்லி ஒப்புக்கொண்டார். வசதியான ஓர் ஏகமனத் தீர்மானம் அதைக் கொண்டுவந்திருக்காது.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஜனவரியில் அவர் விலகும்போது வேலையின்மை 7 விழுக்காட்டுக்கும் கீழே வந்திருந்தது. பயமுறுத்தியபடி விலைவாசி பொங்கவில்லை. 2022-இல் வங்கிகளும் நெருக்கடிகளும் பற்றிய ஆய்வுக்காக அவர் மேலும் இருவருடன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதையெல்லாம் வைத்து 2010-இல் எதிர்த்தவர்கள் தவறு என்று முடிவுகட்டக் கூடாது. அவர்கள் கையில் 2010-இன் தகவல்தான் இருந்தது.

பிரிட்டனிலும் இதே காலத்தில் இது நடந்தது. 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் என்ற வங்கியின் கிளைகளுக்கு முன்னால் மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். உதவிக்கு வரத் தாமதித்தார் என்று பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆளுநர் மெர்வின் கிங் மீது விமர்சனம் எழுந்தது. ஆனாலும் 2008 ஜனவரியில் அவருக்கு இரண்டாவது ஐந்தாண்டுக் காலத்தை அறிவித்தார்கள். பெரிய புயல் அதற்குப் பிறகுதான் வந்தது.

நம் வீட்டுக் கதை: 1998

அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம்மைப் பேசாமல் விடுவது முறையல்ல. 1997 நடுப்பகுதியில் ஒரு டாலருக்கு 2.50 வெள்ளி அளவில் இருந்த நம் நாணயம், 1998 ஜனவரியில் 4.88 வரை வீழ்ந்தது. வெள்ளியின் மதிப்பைத் தாங்க வட்டியை உயர்த்தினார்கள். வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 1998 நடுவில் 12 விழுக்காட்டைத் தாண்டியது. 50,000 வெள்ளி வணிகக் கடன் வைத்திருக்கும் ஒரு லோரி குத்தகையாளரை நினைத்துப் பாருங்கள். வட்டி 9-இலிருந்து 12 விழுக்காடானால் ஆண்டுக்கு 1,500 வெள்ளி கூடுதல் சுமை, அதுவும் வேலை குறைந்த ஆண்டில். அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது.

தோட்டப்புறத்தில் ஒரு முரண் இருந்தது. செம்பனை எண்ணெய் டாலரில் விற்கும் பொருள். வெள்ளி விழுந்ததால் வெள்ளியில் அதன் விலை ஏறியது, 1998-இன் சராசரி டன்னுக்கு 2,300 வெள்ளிக்கு மேல். நகரத்துத் தொழிற்சாலைகள் ஆள்குறைத்த அதே ஆண்டில் செம்பனைத் தோட்டங்களுக்கு வருமானம் கூடியது. ஒரே நெருக்கடி ஒரு வீட்டில் தொழிற்சாலைக்குப் போன மகனை அடித்தது, தோட்டத்தில் வேலை செய்த தகப்பனை அவ்வளவாக அடிக்கவில்லை. எனவே ‘நெருக்கடி’ என்று ஒருமையில் பேசும்போது யாருடைய நெருக்கடி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1998 ஆகஸ்ட் இறுதியில் பேங்க் நெகாரா ஆளுநர் அகமட் முகமட் டோனும் துணை ஆளுநர் ஒருவரும் பதவி விலகினார்கள். சில நாள்களில், செப்டம்பர் 1-ஆம் தேதி, பணம் நாட்டைவிட்டு வெளியேறுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று மதிப்பை நிலைநிறுத்தினார்கள். அந்த முக்கியமான நாள்களில் ஆளுநர் பொறுப்பை இடைக்காலமாக ஏற்றிருந்தவர் செத்தி அக்தார் அசிஸ். 2000-இல் அவரே ஆளுநரானார், மறுநியமனங்களுடன் 2016 வரை 16 ஆண்டு நீடித்தார். 3.80 என்ற நிலை 2005 ஜூலை 21-ஆம் தேதி வரை இருந்தது. 2008 நெருக்கடி வந்தபோதும் அவர்தான் ஆளுநர். ஓபிஆர் 3.50-இலிருந்து 2009 பிப்ரவரிக்குள் 2.00 விழுக்காடாக இறங்கியது. நம் வங்கிகள் இம்முறை தள்ளாடவில்லை. 1998-இன் பாடத்தில் மூலதனத்தைப் பெருக்கி, சிறு வங்கிகளை இணைத்து வைத்திருந்தது கைகொடுத்தது. மேற்பார்வை என்ற சத்தமில்லாத வேலைக்கு என்னிடம் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

1999-இல் நாடு மீண்டது கட்டுப்பாட்டால்தான் என்று நம்மில் பலர் உறுதியாகச் சொல்வோம். கொஞ்சம் பொறுங்கள். அனைத்துலக நாணய நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்ற தென் கொரியாவும் அதே ஆண்டில் மீண்டது, நம்மைவிட வேகமாக. கட்டுப்பாடு நமக்கு வட்டியைக் குறைக்க இடம் தந்தது உண்மை. அது மட்டும்தான் காரணமா என்பது இன்றும் பொருளியலாளர்கள் வாதிடும் விஷயம். மீட்டதை அளப்பது கடினம் என்றேனே, அது நமக்கும் பொருந்தும்.

அதற்கு முந்தைய ஒரு நிகழ்வையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பேங்க் நெகாராவே அந்நியச் செலாவணிச் சந்தையில் பெரிய அளவில் ஈடுபட்டுப் பெரும் நட்டம் அடைந்தது. 1992 செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுண்டு சரிந்தபோது பட்ட அடி அதில் ஒரு பகுதி. ஆளுநர் ஜபார் ஹுசேன் 1994-இல் விலகினார். ஒருவர் போனார், கணக்கு அத்தோடு முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். 2017-இல் அரச விசாரணை ஆணையம் அமைந்து, நட்டம் 31.5 பில்லியன் வெள்ளி என்று சொன்னபோது 20 ஆண்டுக்கு மேல் கடந்திருந்தது. அன்று தோட்டத்தில் வரி கட்டிய பலர் அந்த எண்ணைக் கேட்காமலே இறந்துபோயிருப்பார்கள். ஆளை மாற்றுவது வேறு, பதில் பெறுவது வேறு. முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவது தேவையில்லை என்று நினைப்பதுதான் நம் பழக்கமாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

அமெரிக்க முறை அப்படியே நமக்கு வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அங்கே செனட் விசாரணை பல நேரம் கட்சிச் சண்டையாக ஆகிவிடுகிறது. ஆனால் ஆளுநர் ஒருவரை மறுபடி நியமிக்குமுன் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் உட்கார்ந்து, நேரடி ஒளிபரப்பில் பதில் சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. நியமனச் செய்தி வரும், வாழ்த்துச் செய்தி வரும், அவ்வளவுதான். நியமிக்கும் அதிகாரத்தைக் கட்சிகளிடம் கொடுக்காமலே கேள்வி கேட்கும் அரங்கை மட்டும் உருவாக்க முடியும். வாக்கெடுப்பு இல்லாத விசாரணை அது. சுதந்திரமும் கெடாது, பதிலும் கிடைக்கும்.

இன்றைய ஆளுநர் அப்துல் ரஷீத் கஃபூர் 2023 ஜூலை 1-ஆம் தேதி ஐந்தாண்டுக்கு நியமிக்கப்பட்டார். அந்தக் காலம் 2028 நடுவில் முடியும். அதற்குள் நீங்களே ஒரு கருத்துக்கு வர விரும்பினால், ஓபிஆர் முடிவு அறிவிக்கும் நாளில் பேங்க் நெகாரா வெளியிடும் ஒரு பக்க அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். முந்தைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பாருங்கள். அரையாண்டுக்கு ஒருமுறை வரும் நிதி நிலைத்தன்மை அறிக்கையில் குடும்பக் கடன் பற்றிய பகுதியைப் படியுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் கடன் எவ்வளவு, தவணை தவறுவோர் கூடுகிறார்களா குறைகிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துக் குறித்து வைத்த ஒருவர், மறுநியமனச் செய்தி வரும் நாளில் ஆளுநரின் முகராசியை வைத்துப் பேச வேண்டியதில்லை, அந்தக் குறிப்பை வைத்தே பேசலாம்.